இல்லாத இடத்தில் ஒரு குடை

ஒரு கணினி நிரல் தேடிப் போகும் பொருள் கிடைக்கவில்லை என்றால் அது என்ன செய்ய வேண்டும்? நின்று கத்த வேண்டுமா, கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளித்துக்கொண்டு போக வேண்டுமா? இந்த ஒரு கேள்விக்காக நானும் நவநீதனும் ஒரு வருடத்துக்கு மேல் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறோம். சொத்துத் தகராறில் பிரிந்தவர்கள்கூட எங்களைப் பார்த்தால் சிரித்திருப்பார்கள்.

எங்கள் ஏரியா கணபதியில் ஒரு பேக்கரி. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் கூட்டம் அங்கேதான் கூடும். எல்லோரும் 'மலைரயில்' என்ற வீடியோ கேமுக்கு மாட் எழுதுகிறவர்கள். கம்பெனிக்காரன் செய்து கொடுத்த விளையாட்டில் நாமாக ஒட்டுகிற ஒட்டுக்கு மாட் என்று பெயர். அவன் கொடுத்த ரயிலில் முறுக்கு விற்கிறவர் இருக்க மாட்டார். நாங்கள் செய்து ஏற்றிவிடுவோம். அவன் கொடுத்த மலையில் எங்களுக்குப் பிடித்த வளைவு இருக்காது, மலையையே வெட்டுவோம். சிக்கல் என்னவென்றால், ஒருத்தன் போட்ட பாலத்தை இன்னொருத்தன் போட்ட மாட் தின்றுவிடும். ரயில் வந்து பார்த்தால் பாலம் இருக்காது. விளையாட்டு அப்படியே உறைந்துவிடும்.

இதைச் சரிசெய்யத்தான் மாட் எழுதுவதற்கென்றே சின்னதாக ஒரு கணினி மொழியை உண்டாக்கினோம். 'சரடு' என்று பெயர் வைத்தோம். பெயர் வைப்பதில் சண்டை வரவில்லை. பாலம் இல்லாதபோது என்ன செய்வது என்பதில்தான் வந்தது.

"நிக்கட்டும்" என்றேன் நான். "எந்த வரியில என்ன இல்லைன்னு சொல்லிட்டு நிக்கட்டும். இல்லாதத இல்லைன்னு சொல்றதுல என்ன கேவலம்?"

"விளையாட வந்தவன் விளையாடணும் தயா" என்றான் நவநீதன். "நாள் பூரா ஆபீஸ்ல திட்டு வாங்கிட்டு வந்து உக்கார்றான். அவன்கிட்டப் போயி வரி நம்பர் காட்டுவியா? பாலம் இல்லையா, பாலம் மாதிரி இருக்கறதுல எது கிட்டத்துல இருக்கோ அத எடுத்துப் போடு. ரயிலு போகட்டும்."

"பாலம் மாதிரி இருக்கறதுல ரயில் போனா என்னடா ஆகும்?"

"போகும். அதானே வேணும்?"

கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் என் கை மட்டும்தான் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. பாதி பப்ஸை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அவன் செய்த சமாளிப்பு அருமையாகத்தான் வேலை செய்தது. சரடில் எழுதிய எந்த மாட்டும் அதன்பிறகு உறைந்ததே இல்லை. ஆனால் கோளாறு வந்தால் கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஒருமுறை ஒருவர் புகார் எழுதினார், ரயிலில் இருக்கும் அத்தனை பயணிகளுக்கும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகமே இருக்கிறது என்று. பெண்கள், குழந்தைகள் உட்பட. வேறு ஏதோ ஒரு மாட் முகங்களை அழித்திருந்தது. சரடு வாயே திறக்காமல் பக்கத்தில் கிடைத்த முகத்தை எடுத்து எல்லோருக்கும் மாட்டிவிட்டது. காரணத்தைத் தேடி நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது நவநீதன் விழுந்து விழுந்து சிரித்தான். "ரயிலு போச்சா இல்லையா, அதச் சொல்லு" என்றான். அன்றைக்குத்தான் நாங்கள் மறுபடி பேச ஆரம்பித்தோம்.

அதற்குப் பிறகுதான் எங்கள் கூட்டத்தில் சிவப்புக் குடை வழக்கத்துக்கு வந்தது. கோளாறு தேடும்போது மட்டும் சரடிடம் ஒரு வரியில் சொல்லிவிடுவோம்: எது இல்லையென்றாலும் கிட்டத்து ஆளைத் தேடாதே, ஒரு சிவப்புக் குடையை வை. பிறகு ரயிலை ஓட்டுவோம். பாலம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குடை நிற்கும். பயணியின் கழுத்துக்கு மேல் ஒரு குடை இருக்கும். எது எது காணாமல் போனது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். குறித்துக்கொண்டு குடையை எடுத்துவிடுவோம். ஒரே ஒரு கட்டுப்பாடு, குடை போட்டிருக்கும்போது விளையாட்டைச் சேமிக்கக் கூடாது. சேமித்துவிட்டால் அப்புறம் குடைதான் அசல். புதிதாக வந்த ஒருவர் தெரியாமல் சேமித்துவிட்டு, கடைசி வரைக்கும் குடை ஓட்டுகிற எஞ்சினிலேயே மலை ஏறினார்.

பிறகு ஒரு மருத்துவக் கருவிக் கம்பெனி சரடைத் தேடி வந்தது.

தலையில் அடிபட்டவர்களுக்கான நினைவுக் கருவி. காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சிப் வைப்பார்கள். மூளையில் அறுந்துபோன வழிகளை அது எடுத்துக் கட்டும். நாம் ஒன்றை நினைக்கப் போனால் ஓடிப்போய் எடுத்து வந்து கையில் கொடுக்கும். அதை எழுத, எந்தச் சூழ்நிலையிலும் நிற்காத மொழி ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. தலைக்குள் நிரல் நின்றால் ஆள் விழுந்துவிடுவானாம். எங்கள் விளையாட்டு மொழியில் நவநீதனின் சமாளிப்பைப் பார்த்தவுடன் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. நவநீதன் பேக்கரியில் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தான். நானும் சாப்பிட்டேன்.

சில வருடங்களில் அந்தச் சிப்பையே அவனுக்கு வைத்தார்கள்.

அவனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வெண்பாவுக்கு அப்போது ஆறு வயது. பள்ளியிலிருந்து அவளை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வரும்போது சத்தி ரோட்டில் லாரி இடித்தது. குழந்தை அங்கேயே போய்விட்டாள். அவன் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, சிப்போடு திரும்பி வந்தான். சின்னவள் ஆதிரைக்கு அப்போதுதான் இரண்டு வயது ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்தவன் நன்றாகத்தான் இருந்தான். வேலைக்குப் போனான், ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்கு வந்தான், என்னை வம்புக்கு இழுத்தான். வெண்பாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் என்று நினைத்தோம். அவன் மனைவி ஷர்மிளாவும் அப்படித்தான் நினைத்தாள். அவனுக்காகத் தன் துக்கத்தையும் அடக்கிக்கொண்டு, போட்டோக்களையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினாள். நாலு வருடம் இப்படியே போயிற்று. ஆதிரைக்கு ஆறு வயது ஆனது.

ஒருநாள் ஷர்மிளா போன் செய்தாள். "அண்ணா, ஒருக்கா வீட்டுக்கு வந்துட்டுப் போறீங்களா? அவருக்குத் தெரிஞ்சே வாங்க. சாப்பிட வர்ற மாதிரி வாங்க."

போனேன். நவநீதன் சோபாவில் ஆதிரையை மடியில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"உனக்கு ஞாபகம் இருக்கா ஆதி? குன்னூர் ரயில்ல போறப்ப குகை வந்தாப் போதும், என் சட்டைக்குள்ள தலைய விட்டுக்குவே. அப்பா பட்டன் எல்லாம் பிஞ்சு போச்சு."

"நான் ரயில்லயே போனதில்லப்பா."

"மறந்துட்டா பாரு" என்று என்னிடம் சிரித்தான். குழந்தை ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல அம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

ஷர்மிளா தோசை சுடப் போவதாகச் சொல்லி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

"அந்த ரயில்ல போனது வெண்பாங்ணா. ஆதி அப்பப் பொறக்கவே இல்ல. போன வாரம் பீரோவத் தொறந்து போட்டோவக் காட்டினேன். 'ஆதி எவ்ளோ அழகா இருக்கா'ங்கறாரு. வெண்பான்னு பேரச் சொன்னேன். 'யாரு, பக்கத்து வீட்டுப் புள்ளையா'ங்கறாரு."

கையில் எடுத்த தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாலு வருசமா நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா அழுதுட்டு இருக்கோம்னு நெனச்சேன். நான் ஒருத்திதான் அழுதுட்டு இருந்திருக்கேன்" என்றாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. "நீங்கதான் அந்த மொழியில எல்லாம் வேலை செஞ்சவிங்க. அவருக்கு நல்லாப் பண்ணி விடுங்கன்னு நான் கேக்கல. வெண்பான்னு ஒருத்தி இருந்தான்னு இந்த வீட்ல இன்னொருத்தருக்குத் தெரியணும். அவ்ளோதான் எனக்கு வேணும்."

நானும் அவளும் டாக்டர் அனுசூயாவைப் போய்ப் பார்த்தோம். நவநீதனுக்குச் சிப் வைத்ததிலிருந்து அவர்தான் பார்த்துக்கொள்கிறார். நல்ல மனுஷி. சுற்றி வளைக்காமல் பேசினார்.

"மூத்த பொண்ணோட நினைவு இருக்கற இடத்துலதான் நல்ல அடி. அவர் கேக்கறாரு, சிப் போய்ப் பாக்குது, அங்க ஒண்ணும் இல்ல. கிட்டத்துல இருக்கறதைக் கொடுத்துடுது. சின்னவ வளர வளர அந்த வயசுக்கு வந்துட்டா. இப்ப அச்சு அசலாப் பொருந்துது. அதான் கதை இவ்வளவு தெளிவா வருது."

"அந்தச் சமாளிப்ப நிறுத்திட்டா?" என்றேன். எத்தனை வருடத்துக் கேள்வி.

"நிறுத்தலாம். நினைவு கிடைக்காதப்ப எல்லாம் சிப் நின்னுடும். நின்னா வலிப்பு வரும். சில பேருக்கு ஒண்ணும் ஆகல. சில பேர் எந்திரிக்கவே இல்ல. அவரா விரும்பிக் கேட்டா யோசிக்கலாம். நீங்க கேட்டா நான் செய்ய மாட்டேன்."

"கம்பெனிக்காரங்க ஒண்ணும் செய்ய மாட்டாங்களா டாக்டர்?" என்று கேட்டாள் ஷர்மிளா.

"கம்பெனி கைமாறிடுச்சும்மா. எழுதினா, எழுதினதுக்கு நன்றின்னு பதில் வருது."

சரி, அவனையே கேட்பது என்று முடிவு செய்தோம். மொட்டை மாடியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தொழில் தெரிந்தவன். பாதியிலேயே புரிந்துகொண்டான். அழவில்லை, கோபப்படவில்லை. அழுவதற்கு அவனுக்கு வெண்பா என்று யாரும் இல்லையே.

"அப்ப என் தலைக்குள்ள சமாளிப்பு ஓடுதுங்கற."

"ஆமாடா."

 பிறகு கை நீட்டி என்னைக் குற்றம் சாட்டுவதுபோலப் பேசினான்.

"நான் அன்னிக்கே சொன்னேன் தயா. நிக்கட்டும்னேன். எந்த வரியில என்ன இல்லைன்னு சொல்லிட்டு நிக்கட்டும்னேன். இல்லாதத இல்லைன்னு சொல்றதுல என்ன கேவலம்? நீதான் கேக்கல. விளையாட வந்தவன் விளையாடணும்னு ஒத்தக் கால்ல நின்னே. பப்ஸக்கூடத் திங்காம எந்திரிச்சு வந்தேன் நான், ஞாபகம் இருக்கா? நிறுத்திரு. வலிப்பு வந்தா வரட்டும்."

 அவை என் வார்த்தைகள். வரிசைகூட மாறவில்லை. அன்றைக்கு அவன் பேசினது அவனுக்குள் எங்கேயோ அழிந்துபோயிருக்கிறது. பக்கத்திலேயே நான் பேசினது பத்திரமாக இருந்திருக்கிறது. சிப் அதை எடுத்து அவன் வாயில் வைத்துவிட்டது. இந்த ஒரு சம்மதத்துக்காக எத்தனை வருடம் அவனோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். கிடைத்தபோது அது அவனுடையதாக இல்லை.

பக்கத்தில் நின்ற ஷர்மிளாவின் முகத்தில் தெம்பு வந்திருந்தது. "அவர்தான் நிறுத்தச் சொல்லிட்டாருங்களே. டாக்டர்கிட்டச் சொல்லிரலாமா?"

அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "அது அவன் சொன்னதில்லம்மா. நான் சொன்னது. அவன் கடைசி வரைக்கும் நிக்கக் கூடாதுன்னு சொன்ன கட்சி."

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப யாரைத்தான்ணா கேக்கறது?"

நானும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.  அந்தத் தவிப்பில்தான் எனக்குக் குடை ஞாபகம் வந்தது.

நிறுத்தவும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். இல்லாத இடத்தில் ஒரு குடை. சிப் நிற்காது, வலிப்பு வராது. ஆதிரையின் முகமும் வந்து ஒட்டிக்கொள்ளாது. இங்கே ஏதோ இருந்தது, இப்போது இல்லை என்று அவனுக்குத் தெரியும். அது போதாதா?

"குடையா?" என்றாள் ஷர்மிளா. "என்ற புள்ள இருந்த எடத்துல குடையா?"

"அடையாளத்துக்குத்தான்மா. குடையப் பார்த்தா அவனே கேப்பான், இங்க யாரு இருந்தாங்கன்னு. நீ சொல்லு."

அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது நவநீதன் எங்களைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனான். கீழே ஆதிரை, யாரும் கேட்காமலேயே அப்பாவிடம் போய், "ஆமாப்பா, எனக்கு ரயில் ஞாபகம் வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. ஷர்மிளா எழுந்துவிட்டாள். "போட்டுருங்கண்ணா. இதுக்குக் குடையே தேவலாம்."

டாக்டர், "நினைவு இல்லாத இடத்துல எந்தப் படம் வரணும்கறது உபயோகிக்கறவங்க இஷ்டம். தடுக்கவும் எனக்கு அதிகாரம் இல்ல, செய்யுங்கன்னு சொல்லவும் தைரியம் இல்ல" என்றார். சேமிக்கக் கூடாது என்ற எங்கள் கட்டுப்பாட்டை அவரிடம் சொன்னேன். மூளை தூங்கும்போதெல்லாம் சேமித்துக்கொண்டேதான் இருக்கும், அதை நிறுத்த முடியாது என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன். சேமித்தாலும் குடை குடையாகத்தானே இருக்கும், வேறு யாருடைய முகமாகவும் மாறாதே, அதனால் என்ன வந்துவிடப்போகிறது என்று பட்டது.

அவனிடம் சொன்னபோது சிரித்தான். "என் மண்டையில மாட் போடறியா? பாத்துடா, எஞ்சினக் குடை ஓட்டப்போவுது." லேப்டாப்பை மடியில் வைத்து அந்த ஒரு வரியை அனுப்பினேன். அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை.

ஷர்மிளா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "குன்னூர் ரயில்ல போனமே, ஞாபகம் இருக்குங்களா?"

"ஏன் இல்லாம?" கண்ணை மூடிக்கொண்டான். "சன்னல் ஓரத்துல நான். எதுத்தாப்புல நீ, பச்சை சுடிதார். என் மடியில..." நிறுத்தினான். "என் மடியில குடை இருக்கு. செவப்பா."

"அப்பறம்?"

"குகை வருது. குடை என் சட்டைக்குள்ள வருது." நெஞ்சில் கை வைத்துத் தடவிப் பார்த்தான். பட்டன்களைத் தொட்டான். கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. "ஷர்மி, இங்க யாரு இருந்தது?"

"வெண்பா" என்றாள் அவள். போட்டோவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். இரண்டு பேர் அழுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் நாலு வருடத்தில் முதல்முறையாக இரண்டு பேர். மனசு நிறைந்து போய்த்தான் வீட்டுக்கு வந்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்த மழைக்காலம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தினமும் சாயங்காலம் அவன் கேட்பான், அவள் சொல்வாள். "ஆஸ்பத்திரியில நர்ஸ் வெள்ளைத் துணியில சுத்திக் குடைய என் கையில குடுக்கறாங்க ஷர்மி" என்பான். அவள் சிரித்துக்கொண்டே அழுவாளாம். ஆதிரையிடம் நடக்காத கதைகளைச் சொல்வதை அவன் விட்டுவிட்டான். குழந்தை ஒரு சுற்று பெருத்தாள் என்றுகூட எனக்குப் பட்டது.

பிறகு கேட்பதைக் குறைத்துக்கொண்டான். "இப்பெல்லாம் நான் சொல்லவே வேண்டியதில்லங்ணா, வெண்பான்னு அவரே பேரச் சொல்லிடறாரு" என்று ஷர்மிளா சந்தோஷமாகப் போன் செய்தாள். நானும் சந்தோஷப்பட்டேன்.

நாங்கள் கணக்கில் எடுக்காமல் விட்டது ஒன்று இருந்தது. விளையாட்டில் ரயிலுக்குப் பாலத்தின்மேல் பிரியம் கிடையாது. இவனுக்கு மடியில் உட்கார்ந்திருந்ததன்மேல் உயிர். குடை சேமிக்கப்பட்டபோது அந்த உயிரும் அதோடு சேர்ந்து சேமிக்கப்பட்டது.

கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடை வாசலில் சிவப்புக் குடை ஒன்று தொங்கியதாம். அதன் எதிரில் நின்றவனை ஷர்மிளாவால் நகர்த்தவே முடியவில்லை. வாங்கிக்கொண்டு வந்தான். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் அதற்கு ஒரு நாற்காலி போட்டான். அவள் பதறிப்போய்ப் போட்டோவை எடுத்து நீட்டினாள். வாங்கிப் பார்த்தான்.

"யாரு இந்தப் புள்ள? லட்சணமா இருக்கா" என்றான். பிறகு நாற்காலியைத் திரும்பிப் பார்த்து, "வெண்பா, சாப்பிடு கண்ணு" என்றான்.

காலையிலேயே போய் அந்த வரியை எடுத்துவிட்டேன். எடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. அவன் வெண்பாவை நினைத்தான், சிப் போய்ப் பார்த்தது, அங்கே குடை இருந்தது. கொண்டுவந்து கொடுத்தது. அவ்வளவுதான். சரடைப் பொறுத்தவரை எங்கேயும் எதுவும் குறையவில்லை. இனிமேல் என் கட்சிப்படி நிற்கச் சொல்லி எழுதினாலும் அது நிற்காது. நிற்க ஒரு காரணமும் இல்லை.

"எடுத்துருங்கண்ணா, தயவு செஞ்சு எடுத்துருங்க" என்றாள் ஷர்மிளா.

"எடுத்துட்டேன்மா."

"அப்பறம் ஏன் அப்படியே இருக்காரு?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டீ போட்டுக் கொடுத்தாள்.

டாக்டரும் கையை விரித்துவிட்டார். அந்த நினைவை அழித்துப் பார்க்கலாம், ஆனால் அதோடு வேறு என்னவெல்லாம் போகும் என்று தெரியாது என்றார். ஷர்மிளா வேண்டாம் என்றுவிட்டாள். "குடையாவாவது இருக்கட்டும்" என்றாள்.

ஐப்பசி மழை அந்த வருடம் விடாமல் பெய்தது. ஒரு நாள் மத்தியானமே பள்ளியை விட்டுவிட்டார்கள். ஆதிரையைக் கூட்டிவரப் போன நவநீதன் திரும்பவில்லை, போனும் எடுக்கவில்லை. ஷர்மிளா என்னைக் கூப்பிட்டாள். என் காரில் போனோம்.

பள்ளி வாசலில் அநேகமாக எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். வேப்ப மரத்தடியில் அவன் மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தலையிலிருந்து கால் வரை தொப்பலாக நனைந்திருந்தான். குனிந்து நெஞ்சோடு எதையோ அணைத்திருந்தான். சட்டைக்குள் சிவப்பாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. மேலே பட்டன்களை இழுத்துப் போட்டிருந்தான். ஆதிரை புத்தகப் பையைத் தலைக்குமேல் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.

என் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு ஓடி ஆதிரைக்குப் பிடித்தேன்.

"நல்லவேளை வந்தே தயா" என்றான் நவநீதன். பற்கள் கிட்டிப் பேச்சு குழறியது. "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நனைஞ்சே போயிருப்பா."

"அந்தக் குடைய விரிடா" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. எங்கே என்ன இல்லை என்று கத்திச் சொல்ல வேண்டும் என்று வாழ்நாள் பூராவும் சண்டை போட்டவன் நான். ஷர்மிளாவைப் பார்த்தேன். அவள் மழையில் நின்றபடி அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டே போய்த் துப்பட்டாவைப் பிழிந்து, அவன் சட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைத் துடைத்தாள்.

"வீட்டுக்குப் போனதும் நல்லாத் துவட்டணும். சளி புடிச்சுக்கும்" என்றாள் அவனிடம்.

அவனுக்காகச் சொன்னாளா, தனக்காகவேதான் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. அவன் தலையை ஆட்டினான். இரண்டு பேரும் ஒரே இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆதிரை என் கையைத் தொட்டாள். தான் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, குடைக்கு வெளியே மழையில் நின்றுகொண்டாள்.

"மாமா, அக்காவுக்குப் புடிங்க" என்றாள்.

 குடையை அந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தேன்.